பழைய ஸ்லீப்பர் கட்டை பாரம் தாங்குமா? மருந்தேற்றிய மரத்தை உடைக்காமல் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்துக் கொட்டகை, வாய்க்கால் மேல் ஒரு நடைபாலம், வண்டி நிறுத்தும் பந்தல் என்று எதற்காவது பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளையோ, ஆலைகள் கழித்துப்போட்ட மருந்தேற்றிய (பூஞ்சையும் கரையானும் அண்டாதிருக்கக் காப்பு மருந்து ஊட்டிய) மரங்களையோ வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் கட்டட அமைப்புப் பொறியாளன். பழைய மரத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நல்ல கட்டை ஒன்று அடுப்புக்குப் போவதைப் பார்த்தால் மனம் பதறும். அதே அளவுக்கு, விசாரிக்காமல் ஒரு கட்டையை மனிதர் தலைக்கு மேல் ஏற்றுவதையும் என்னால் பொறுக்க முடியாது.

ஸ்லீப்பர் கட்டை என்றால் எல்லாம் ஒரே மரம்தானே?

இல்லை. சால், தேக்கு போன்ற வைரம் பாய்ந்த கடின மரங்கள் பெரும்பாலும் மருந்தில்லாமலே பாதையில் போடப்பட்டன. இமயமலைச் சரிவுகளிலிருந்து வந்த சிர் பைன் போன்ற மென்மரங்களுக்கு, நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை ஏற்றினார்கள். அதற்கென்றே பஞ்சாபில் தில்வான், அசாமில் நஹர்கட்டியா, உத்தரப் பிரதேசத்தில் பரேலி, கேரளத்தில் ஓலவக்கோடு ஆகிய இடங்களில் ரயில்வேயின் பதப்படுத்தும் ஆலைகள் இருந்தன. பாலக்காட்டை ஒட்டிய ஓலவக்கோடு நமக்குக் கூப்பிடு தூரம்தான்.

அகலப்பாதைக் கட்டை 2,750 மி.மீ. நீளம், 250 மி.மீ. அகலம், 130 மி.மீ. கனம். மீட்டர் கேஜ் கட்டை 1,800 × 200 × 115. 1992இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டம் தென் மாவட்டங்களின் மீட்டர் கேஜ் பாதைகளையும் மாற்றியது. அப்படிப் பாதையிலிருந்து கழிக்கப்பட்ட சின்ன அளவுக் கட்டைகள் நம் பக்கத்துப் பழைய மரக்கடைகளில் இருக்கின்றன. டேப் வைத்து அளந்தாலே கட்டை எந்தப் பாதையில் கிடந்தது என்று தெரிந்துவிடும்.

ரயில்வே இந்தக் கட்டைகளை வலிமையையும் கடினத்தையும் சேர்த்த ஒரு குறியீட்டு எண்ணால் தரம் பிரித்தது. சாதாரணப் பாதைக் கட்டைக்குக் குறைந்தது 783, பாதை பிரியும் இடத்துக் கட்டைக்கு 1,352, பாலத்துக் கட்டைக்கு 1,455 வேண்டும். பாலத்திலிருந்து வந்த கட்டை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அந்த எண், கட்டை புதிதாக இருந்தபோது அந்த மர இனத்துக்குத் தரப்பட்ட மதிப்பு. உங்கள் கையில் இருக்கும் கட்டை அதற்குப் பிறகு எத்தனை மழை பார்த்தது என்பதை அது சொல்லாது.

கிரியோசோட் தவிர வேறென்ன மருந்து ஏற்றியிருக்கலாம்?

செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த உப்புக் கரைசல். உலகம் முழுக்க மின்கம்பங்களிலும் வேலிக்கால்களிலும் ஏறிய இந்தக் கலவையை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொன்டி காமேசம் என்ற இந்தியர். ‘ஆஸ்கு’ என்ற பெயரில் அது பரவியது. இத்தனை பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் பெயரை நம் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதில்லையே என்று எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

மருந்தேற்றிய மரம் கெடாது என்கிறார்களே, பிறகு எதற்குச் சோதனை?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது.

மருந்து மரத்துக்குள் ஒரே சீராக இறங்குவதில்லை. 1838இல் ஜான் பெத்தல் காப்புரிமை பெற்ற முறையில், மூடிய உருளைக்குள் மரத்தை அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். அப்போதும் வெளிப்பக்கத்து வெண்மரம்தான் எண்ணெயை நன்றாகக் குடிக்கும். உள்ளே இருக்கும் வைரம் வாய் திறக்காது. ஆகவே மருந்தேற்றிய கட்டை என்பது மருந்து ஊறிய ஓடு ஒன்றும், மருந்து எட்டாத உட்பகுதி ஒன்றும் சேர்ந்தது.

பிறகு கட்டை வெயிலில் காய்கிறது, வெடிக்கிறது. வெடிப்பு ஓட்டைக் கடந்து உள்ளே போய்விட்டால் மழைநீருக்கு வழி திறந்துவிட்டது. தண்டவாளத்தைப் பிடிக்க அடித்த ஆணியின் துளையும் அப்படி ஒரு வழிதான். நீர் உள்ளே போகிறது, வெளியே வர முடியாமல் நிற்கிறது, பூஞ்சை குடியேறுகிறது. வெளி ஓட்டை மருந்து காப்பாற்றுவதால் மேற்பரப்பு கல் போல இருக்கும். மருந்தில்லாத மரம் கெட்டால் வெளியிலேயே காட்டிவிடும். மருந்தேற்றிய மரம் கெட்டால் கடைசிவரை மறைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று நானே சொன்னேன். நீளத்தைக் குறைக்க அறுத்தபோது, நடுவில் கையளவு இடம் நனைத்த அவல் போல உதிர்ந்து விழுந்தது. அதைச் சுற்றி நாலு பக்கமும் மூன்று விரற்கடை கனத்துக்கு அருமையான மரம். அறுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு கூரைக்கு அடியில் போயிருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பழுப்பு அழுகல் என்ற வகையில், மரத்தின் எடை 5 முதல் 10% குறையும் கட்டத்திலேயே வலிமையில் பாதிக்கும் மேல் போய்விடக்கூடும். கண்ணுக்கும் கைக்கும் அழுகல் தெரிகிற நேரத்தில் பாரம் தாங்கும் சக்தி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும்.

கிரியோசோட் கட்டையை வீட்டுக்குள் போடலாமா?

கூடாது. எந்தச் சோதனையில் எவ்வளவு நன்றாகத் தேறினாலும் கூடாது. அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருக்கின்றன. வெயில் ஏறும்போது வாசனையோடு கசியும். படுக்கையறை, சமையலறை, குழந்தைகள் விளையாடும் இடம், ஆட்கள் உட்காரும் திண்ணை, கீரைப் பாத்தி ஓரம், மாடு நக்கும் தொட்டி எதற்கும் வேண்டாம். திறந்த வெளிக் கொட்டகை, நடைபாலம், மண் சரிவைத் தாங்கும் சுவர் போன்ற இடங்களைப் பற்றி மட்டுமே இனி பேசுகிறேன்.

ஆர்சனிக் ஏற்றிய மரத்தை அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகங்களுக்குத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதையும் கை படும் இடங்களில் வைக்காதீர்கள்.

என்ன மருந்து ஏறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரியோசோட் என்றால் மூக்கே சொல்லும்: தார் வாசனை, கருப்புக் கலந்த பழுப்பு நிறம். ஆனால் பழைய எஞ்சின் ஆயில் பூசிய கட்டையும் கறுப்பாகத்தான் இருக்கும். முனையில் ஒரு விரற்கடை அறுத்துப் பாருங்கள். கிரியோசோட் மரத்துக்குள் இறங்கியிருக்கும். பூசிய எண்ணெய் தோலோடு நிற்கும்.

உப்பு மருந்து லேசான பச்சைச் சாயல் தரும், நாளானால் அதுவும் சாம்பல் நிறமாக மங்கிவிடும். புதிதாக அறுத்த முகத்தில் குரோம் அசுரால் என்ற சாயக் கரைசலைத் தெளித்தால் செம்பு இருக்கும் இடம் கருநீலமாக மாறும். மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதையும் அந்த நீல வளையமே காட்டிவிடும். ஆர்சனிக் இருப்பதை உறுதிசெய்ய, பழைய உலோகக் கடைகளிலும் ஆய்வகங்களிலும் வைத்திருக்கும் கையடக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி போதும். சில விநாடிகளில் தனிமங்களைக் காட்டும். மரத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.

ஆசாரி தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாரே?

நல்ல ஆசாரியின் காதை நான் மதிக்கிறேன். ‘ணங்’ என்று தெளிவாகக் கேட்டால் நல்ல மரம், ‘டொப்’ என்று அமுங்கினால் பொந்து. கருவிகள் செய்வதும் இதே வேலையின் நீட்சிதான். எந்தக் கட்டையை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று ஆசாரி சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் 130 மி.மீ. கனத்தில், நல்ல ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய அழுகலைக் காது தவறவிடும். எதைத் தள்ளலாம் என்பதற்கு ஆசாரி சொல் போதும். எதை ஏற்றலாம் என்பதற்கு எண் வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கட்டையைக் கழுவித் துடைத்து, நிழலில் சில வாரம் காற்றாட அடுக்கி வையுங்கள். பிறகு நாலு பக்கமும் இரு முனைகளும் வெளிச்சத்தில் பாருங்கள். கணுக்கள் எங்கே, எவ்வளவு பெரியவை? இழை ஓட்டம் நேராகப் போகிறதா, சாய்ந்து விளிம்பில் வெளியேறுகிறதா? 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் வலிமையைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 883. சாய்வு 10க்கு 1 என்றால் 80% மட்டுமே கணக்கில் எடுக்கலாம். கறுப்பேறிய கட்டையில் இழை தெரியாது. கூரான ஊசியால் மெல்லக் கீறினால் கீறல் இழையைப் பின்பற்றி ஓடும்.

குத்தூசியால் வெடிப்புகளின் அடியையும் ஆணித் துளைகளின் உட்சுவரையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் நீளமான சிம்பாகப் பெயரும். அழுகத் தொடங்கிய மரம் குட்டையாக, பிஸ்கட் போல முறியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கையால் பழகிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஈரப்பதமானி வைத்துப் பார்த்தால் போதுமா?

ஈரம் தெரிவது அவசியம். 20%க்கு மேல் ஈரம் நிலைத்து நின்றால் பூஞ்சைக்கு இடம் கொடுத்தது போல. விறைப்பும், அதாவது பாரத்தில் வளையாமல் நிற்கும் தன்மையும், ஈரத்தோடு மாறும்: ஈரம் 1% ஏறினால் விறைப்பு சுமார் 2% இறங்கும். சுமார் 30% வரை இந்தக் கணக்கு ஓடும்.

ஆனால் கடையில் விற்கும் இரு ஊசி மானி, மின்தடையை அளந்து ஈரத்தை ஊகிக்கிறது. உப்பு மருந்து ஏறிய மரம் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், இருப்பதைவிட அதிக ஈரத்தைக் காட்டும். சிறு துண்டை உலையில் உலர்த்தி எடை பார்க்கும் முறையும் கிரியோசோட் கட்டைக்கு ஒத்துவராது. வெப்பத்தில் நீரோடு எண்ணெயும் ஆவியாகும், அதையும் ஈரமாக எண்ணிவிடுவோம். ஆகவே மானியின் எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே வகைக் கட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மற்றவை 14 காட்டும்போது ஒன்று மட்டும் 24 காட்டினால் அதன் கதையை விசாரிக்க வேண்டும்.

ஒலி அலைச் சோதனை என்பது என்ன?

கட்டையின் ஒரு பக்கம் தட்டினால் அந்த அதிர்வு மறுபக்கம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. நல்ல மரத்தில் குறுக்குவாட்டில் அலை விநாடிக்குச் சுமார் 1,000 முதல் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். 250 மி.மீ. அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 170 முதல் 250 மைக்ரோ விநாடி. உள்ளே பொந்தோ அழுகலோ இருந்தால் அலை அதைச் சுற்றிக்கொண்டு போகும், அல்லது மென்மையான மரத்தில் தடுமாறும், நேரம் நீளும்.

அமெரிக்காவில் பழைய மரப்பாலங்களை ஆராய்ந்தவர்கள் ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நல்ல மரத்துக்கு ஆகும் நேரத்தைவிட 30% கூடினால் வலிமையில் பாதி போயிருக்கும். 50% கூடினால் மிக மோசமாக அழுகியிருக்கும். கட்டை நெடுகிலும் 200 அல்லது 300 மி.மீ.க்கு ஓர் இடம் என்று அளந்து, எண்களைச் சாக்பீஸால் கட்டையின் மேலேயே எழுதிக்கொண்டு போங்கள். கெட்ட இடம் தானாகக் கண்ணில் படும்.

வளர்ச்சி வளையங்களுக்கு எந்தக் கோணத்தில் அலை போகிறது என்பதும் நேரத்தை மாற்றும். வளையங்களுக்கு 45 பாகைச் சாய்வில் போனால் நல்ல மரத்திலும் நேரம் கூடும். அதனால் முனை முகத்தில் வளையங்களைப் பார்த்துவிட்டு, எல்லா அளவையும் ஒரே திசையில் எடுங்கள். பெரிய வெடிப்பின் குறுக்கே எடுக்காதீர்கள். வெடிப்பை அழுகல் என்று எண்ணி நல்ல கட்டையைத் தள்ளிவிடுவீர்கள்.

எண்ணெய் ஏறிய மரத்தில் இந்த அளவு தப்பாதா?

தப்பும். மருந்தில்லாத மரத்துக்கு எழுதிய அட்டவணையை ஸ்லீப்பர் கட்டைக்கு அப்படியே வைத்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நீரில் கரைத்து ஏற்றும் உப்பு மருந்துகள் அலையின் நேரத்தை ஏறக்குறைய மாற்றுவதில்லை. எண்ணெய் மருந்து ஏறினால் நல்ல மரத்திலேயே நேரம் சுமார் 40% வரை கூடலாம். மேலே சொன்ன 30% அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் கிரியோசோட் கட்டைகள் அத்தனையும் அழுகல் என்று தீர்ப்பாகிவிடும்.

இதற்கு வழி, உங்கள் குவியலிலிருந்தே ஒரு நல்ல கட்டையை அடையாளம் காண்பது. எல்லா வகையிலும் நல்லதாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்து, அளந்து, பிறகு அதை அறுத்து உள்ளே பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒரு கட்டை வீணாகும்தான். மீதிக் கட்டைகளுக்கு அதுவே உங்கள் அளவுகோல்.

கைபேசியை வைத்துச் சோதிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான், செலவே இல்லாததால்.

கட்டையை இரண்டு ரப்பர் துண்டுகளின் மேல் நடுப்பகுதியை ஒட்டி வையுங்கள். முனைகள் எதையும் தொடக்கூடாது. ஒரு முனை முகத்தில் சிறு சுத்தியலால் நேராக ஒரு தட்டு. மறுமுனைக்கு அருகில் கைபேசி. ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. நீளவாட்டு அதிர்வின் முதல் உச்சம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அதில் பாருங்கள். கட்டையின் நீளத்தை அந்த எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் மரத்துக்குள் ஒலியின் வேகம் கிடைக்கும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அகலப்பாதைக் கட்டை ஒன்றின் கன அளவு 0.0894 கன மீட்டர். தராசில் 75 கிலோ நின்றால் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 839 கிலோ. உச்சம் 700 ஹெர்ட்ஸில் வந்தால் வேகம் 2 × 2.75 × 700, அதாவது விநாடிக்கு 3,850 மீட்டர். அதன் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் விறைப்பு சதுர மில்லிமீட்டருக்கு (ச.மி.மீ.) ஏறத்தாழ 12,400 நியூட்டன். அதிர்வில் கிடைக்கும் எண் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக வரும், ஆகவே பத்தில் ஒரு பங்கைக் கழித்து 11,000 என்று வையுங்கள். நல்ல கட்டை. அதே எடையுள்ள இன்னொரு கட்டையில் உச்சம் 450 ஹெர்ட்ஸில் வந்தால் விறைப்பு 5,100 ஆக இறங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அடர்த்தியைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். கட்டை குடித்திருக்கும் எண்ணெயின் எடையும் அதிர்வோடு சேர்ந்தே ஆடுகிறது. அதனால் அந்தக் கட்டையைத் தூக்கித் தராசில் வைத்த எடைதான் கணக்குக்குச் சரி.

இந்தச் சோதனையின் குறையையும் சொல்கிறேன். முழுக் கட்டைக்கும் ஒரு சராசரி எண்ணைத்தான் இது தருகிறது. ஓரிடத்தில் மட்டும் கைப்பிடி அளவு அழுகல் இருந்தால் சராசரியில் கரைந்துவிடும். அதனால்தான் குறுக்குவாட்டு அலைச் சோதனையையும் விட முடியாது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. மரத்தை உடைக்காமல் சோதிப்பது பற்றிய முதல் மாநாடு 1963இல் அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் நடந்தது.

துளை போட்டுப் பார்க்கும் கருவி என்கிறார்களே, அது உடைக்கும் சோதனை ஆகாதா?

ஆகாது என்றே சொல்லலாம். ரெசிஸ்டோகிராஃப் என்ற கருவியில் 1.5 மி.மீ. தண்டும் 3 மி.மீ. முனையும் கொண்ட ஊசி சுழன்றபடி உள்ளே போகும். ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் மரம் எவ்வளவு எதிர்க்கிறது என்று வரைபடம் போடும். நல்ல மரத்தில் கோடு உயரமாக ஓடும், பொந்தில் தரையைத் தொடும். ஓடு எவ்வளவு கனம், அழுகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் காட்டாது. ஒலி அலை சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். பழைய ஆணி இருக்கும் இடத்தை முதலில் உலோகம் கண்டறியும் கருவியால் தேடிக் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் ஊசி முறியும். துளையை மருந்தில் நனைத்த குச்சியால் அடைத்துவிடுங்கள். நீர் போக நாமே புது வழி போட்டதாக ஆகக்கூடாது.

கருவியே இல்லாதவர்கள் என்ன செய்வது?

எடை வைத்துத் தொய்வை அளங்கள். மிகப் பழைய முறை, மிக நேர்மையான முறை.

கட்டையைப் படுக்கை வாட்டில், 2.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு உறுதியான திண்டுகளின் மேல் வையுங்கள். கீழே ஓர் அங்குலம் மட்டும் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குங்கள். கட்டை முறிந்தாலும் யார் காலிலும் விழாது. சரியாக நடுவில் 200 கிலோ ஏற்றுங்கள், நான்கு சிமெண்ட் மூட்டை. நடுப்பகுதி எவ்வளவு தாழ்ந்தது என்பதை, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். விறைப்பு 10,000 உள்ள 250 × 130 கட்டை ஏறத்தாழ 1.4 மி.மீ. தாழும். 2.5 மி.மீ.க்கு மேல் தாழ்ந்தால் விறைப்பு 5,600க்குக் கீழே என்று பொருள். ஐ.எஸ். 883 மரங்களைப் பிரிக்கும் மூன்று பிரிவுகளில் கடைசிப் பிரிவுக்கே 5,600க்கு மேல் வேண்டும். அந்தக் கட்டையை இறக்கிவிடுங்கள்.

ஒரு மணி நேரம் எடையை விட்டுவைத்துத் தொய்வு மேலும் கூடுகிறதா என்றும், எடையை எடுத்ததும் பழைய நிலைக்கு வருகிறதா என்றும் பாருங்கள். திரும்பி வராத கட்டையை நான் ஏற்பதில்லை.

ஆனால் ஒன்று. இந்த 200 கிலோவால் மரத்தில் உண்டாகும் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது மர இழைகளில் ஏறும் விசை, ச.மி.மீ.க்கு 2 நியூட்டனைக்கூடத் தொடாது. விறைப்பை அறிந்தோம் என்பது மட்டுமே இதன் பலன். ‘200 கிலோ தாங்கிவிட்டது, இனி கவலையில்லை’ என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

விறைப்பு தெரிந்தால் வலிமை தெரிந்துவிடுமா?

நேராகத் தெரியாது. விறைப்பான மரம் பெரும்பாலும் வலிமையான மரம். ஆனால் வலிமையைக் கடைசியில் தீர்மானிப்பது மிகப் பலவீனமான ஓர் இடம்: ஒரு கணு, ஒரு துளை, ஒரு வெடிப்பு. அதனால் விறைப்பை வைத்துப் பிரிவைக் கணித்துவிட்டு, கண்ணால் பார்த்த குறைகளை ஐ.எஸ். 3629 சொல்லும் தரங்களோடு ஒப்பிட்டு, இரண்டில் எது குறைவோ அதையே எடுக்க வேண்டும். பழைய மரத்துக்கு நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கி எடுப்பேன். அது என் வழக்கம், விதி இல்லை.

கெட்டுப்போன மேற்பகுதியைச் செதுக்கி எடுத்தவர்கள் மீதமுள்ள அளவை வைத்தே கணக்கிட வேண்டும். 150 மி.மீ. உயரமுள்ள உத்திரத்தில் மேலே 10, கீழே 10 போனால் வலிமையில் கால் பங்கும் விறைப்பில் 35 சதவீதமும் போய்விடும். இரண்டு விரற்கடைகூட இல்லாத இழப்புதானே என்று தோன்றும், கணக்கு அப்படிச் சொல்லாது.

ஆணித் துளைகள் இருந்தால் கட்டை வீணா?

இல்லை, அவை எங்கே இருக்கின்றன என்பதே கேள்வி. அகலப்பாதைத் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ.; ஆகவே துளைகள் இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி இருக்கும். 2.5 மீட்டர் இடைவெளியில் கட்டையை உத்திரமாக வைத்தால் வளைவு விசை மிகுந்திருக்கும் நடுப்பகுதியில் துளையே இல்லை. சீரான பாரத்தில் துளை இருக்கும் இடத்தில் விசை நடுவில் உள்ளதில் பாதிதான். நம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் நீர் இறங்கி அழுகல் தொடங்குவதும் அங்கேயேதான். தண்டவாளம் உட்கார்ந்த இடத்தைச் சற்றுச் சாய்வாகச் செதுக்கியும் இருப்பார்கள். ஊசிச் சோதனைக்கு ஓரிடம் மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கைகாட்டுவது அந்த இருக்கையைத்தான். கட்டையை நடுவில் வெட்டி, துளைப் பகுதியை நடுவில் வரவைக்கும் அமைப்பை மட்டும் தவிருங்கள்.

மரம் கிழடானால் வலிமை போய்விடாதா?

வயது மட்டும் மரத்தைக் கொல்வதில்லை. நனையாமல், பூச்சி அரிக்காமல் இருந்த மரத்தின் விறைப்பு தலைமுறை கடந்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். குறைவது, காய்ந்த வெடிப்பாலும் இடிக்கும்போது கிடைத்த அடியாலும். கடப்பாரை போட்டு நெம்பிய கட்டையின் விளிம்புகளைப் பாருங்கள். நீண்ட காலம் நிற்கும் பாரம் மட்டும் வேறு விஷயம்: பத்தாண்டு தொடர்ந்து நிற்கும் பாரத்துக்கு, சில நிமிடச் சோதனையில் தெரியும் வலிமையில் ஏறத்தாழ 62%தான் கணக்கில் வரும். பழைய மரத்துக்கும் புது மரத்துக்கும் இது பொது.

ஆலைக் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து கழித்த மரம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

எச்சரிக்கையோடு. அது உப்பு மருந்து ஏறிய மரமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது ஆர்சனிக் இருக்கலாம். ஓயாமல் நனைந்துகொண்டே இருந்ததால் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மென்மையழுகல் பிடித்திருக்கும். நீரில் கலந்த குளோரினும் மரத்தின் பிணைப்பைத் தின்றிருக்கும். ஸ்லீப்பர் கட்டையில் உள்ளே தேடுவதை இங்கே வெளியே தேட வேண்டும். வில்விசையால் 2.5 மி.மீ. ஊசியைச் செலுத்தி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று காட்டும் பைலோடின் கருவி இதற்கு ஏற்றது.

நூறு கட்டையில் பத்தைச் சோதித்தால் போதாதா?

போதாது. ஆலையில் ஒரே நாளில் வார்த்த இரும்புக் கம்பிக்கு அந்தக் கணக்கு சரி. இங்கே ஒரு கட்டை மேட்டில் காய்ந்து கிடந்திருக்கும், அடுத்தது தண்ணீர் தேங்கும் வெட்டில் ஊறியிருக்கும். கைபேசிச் சோதனையை ஒரு கட்டைக்கு ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். நூறுக்கும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எடை, அதிர்வெண், அலை நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஊசித் துளைச் சோதனையை மட்டும் சந்தேகக் கட்டைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சோதனை முடிந்த பிறகு அறுக்கலாமா?

அறுத்தால் அது வேறு கட்டை. கணுவும் துளையும் இருக்கும் இடம் மாறிவிடும், மருந்து எட்டாத உட்பகுதி வெளியே வந்துவிடும். தேவையான அளவுக்கு அறுத்த பிறகே கடைசிச் சோதனை. அறுத்த முகங்களில் காப்பு மருந்தைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூச வேண்டும், முனைகளில் தாராளமாக. இல்லையென்றால் கரையான் நேராக அங்கேதான் வரும். அறுப்பவர் முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை அணிய வேண்டும். மரத்தூளைப் பெருக்கிப் பையில் கட்டுங்கள். செடிக்கு உரமாகவோ மாட்டுக்குப் படுக்கையாகவோ போடாதீர்கள்.

யாரிடம் கொண்டுபோய்ச் சோதிப்பது?

கான்கிரீட்டைச் சோதிக்கும் மீயொலிக் கருவி பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் ஆய்வகத்தில் இருக்கும். 54 கிலோ ஹெர்ட்ஸ் உணரிகளோடு வரும் அதே கருவி, உணரிக்கும் மரத்துக்கும் நடுவில் கிரீஸ் தடவிப் பிடித்தால் மரத்துக்கும் வேலை செய்யும். கருவி வைத்திருப்பவர்களுக்கே இது பல நேரம் தெரிவதில்லை, கேளுங்கள். மர இனத்தை அடையாளம் காணவும் விரிவான ஆய்வுக்கும் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆட்கள் நிற்கும், நடக்கும் எந்த அமைப்புக்கும் கடைசிக் கணக்கை ஒரு பொறியாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

தேறாத கட்டைகளை என்ன செய்வது?

பாரம் தாங்க உதவாத கட்டை வேலி ஓரத்துக்கும் மண் தடுப்புக்கும் உதவும். அதற்கும் உதவாதவற்றை எங்கே ஒப்படைப்பது என்று மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

எரிக்க மட்டும் கூடாது. ஆர்சனிக் ஏற்றிய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும், கிரியோசோட்டின் புகையும் நஞ்சு. விருந்துச் சமையல் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் விறகு தேடி வருபவர்கள் இந்தக் கட்டைகளை நல்ல விலைக்குக் கேட்பார்கள், எண்ணெய் ஊறியிருப்பதால் நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்று. தராதீர்கள். கட்டையின் மேல் ‘எரிக்கக் கூடாது’ என்று பெரிதாகப் பெயின்டில் எழுதிவைத்துவிட்டே நான் கிளம்புவது வழக்கம்.